பட்டாளம் வைப்பதற்கு முன் செக்ரோலைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஆறாம் படிவ மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, சொற்போருக்கு வந்த தலைப்பு 'சிறிய ஏழை நாட்டுக்கு நிரந்தர இராணுவம் தேவையா?' நான் தேவையில்லை என்ற அணி. கோஸ்தா ரிக்காவைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எதிரணி சிங்கப்பூரைத் தூக்கிப் போட்டால் என்ன செய்வது?"

தம்பி, சிங்கப்பூரைக் கண்டு பயப்பட வேண்டாம். 1965-இல் பிரிந்தபோது அதனிடம் இரண்டு காலாட்படைப் பட்டாலியன்கள்தான் இருந்தன. ஆனால் உலகக் கப்பல்கள் வந்து போகும் துறைமுகமும் இருந்தது. 1967-இல் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியவர்கள், அதைத் தாங்கும் வருமானத்தையும் கூடவே வளர்த்தார்கள். உங்கள் தலைப்பில் 'ஏழை' என்றொரு சொல் இருக்கிறது. அதை விடாமல் பிடித்துக்கொண்டால் சிங்கப்பூர் தானாக வெளியே போய்விடும். கோஸ்தா ரிக்காவும் பாதி போய்விடும் என்பதுதான் உங்களுக்குள்ள சிக்கல். இந்தத் தலைப்புக்கு நிஜமான சாட்சிகள் காம்பியா, டோகோ, ஹெய்த்தி, திமோர் லெஸ்தே, துவாலு போன்ற நாடுகள். சொற்போரில் யாரும் இவற்றைத் தொடுவதில்லை.

முதலில் கோஸ்தா ரிக்காவை முடித்துவிடுவோம். 1948-இல் 44 நாள் உள்நாட்டுச் சண்டையில் வென்ற ஹோசே ஃபிகேரஸ், அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இராணுவத்தைக் கலைத்தார். 1949 அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு நிரந்தர இராணுவத்தைத் தடை செய்கிறது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். கலைத்த அதே மாதம் நிக்கராகுவா பக்கமிருந்து எதிராளிகள் ஆயுதத்தோடு உள்ளே வந்தார்கள். 1949 ஏப்ரலில் ஃபிகேரஸின் சொந்தப் பாதுகாப்பு அமைச்சரே ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். 1955 ஜனவரியில் மறுபடியும் படையெடுப்பு. அப்போது அமெரிக்கா நான்கு மஸ்டாங் போர் விமானங்களை ஒரு டாலருக்கு ஒன்று என்று 'விற்றது'. 1947-இல் ரியோவில் கையெழுத்தான பரஸ்பர உதவி ஒப்பந்தமும் அமெரிக்க நாடுகள் அமைப்பும் பின்னால் நின்றன. ஆக, பட்டாளம் இல்லாமல் இருக்க அந்த நாட்டுக்குக் கூப்பிட்டால் ஓடி வருகிற ஆள் தேவைப்பட்டது. இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிரணி வாயால் வந்தால் அடி பலமாக விழும்.

பட்டாளம் என்ன வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வேண்டும், வேண்டாம் என்று பேசினால் விவாதம் ஒரே இடத்தில் சுற்றும். வெளியிலிருந்து வருகிற எதிரியைத் தடுப்பது ஒரு வேலை. உள்ளே கிளம்பும் ஆயுதக் கும்பலை அடக்குவது இன்னொன்று. கடலையும் எல்லையையும் காப்பது மூன்றாவது. வெள்ளம், புயலில் ஓடி வருவது நான்காவது. நான்காவதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. லாரியும் படகும் ஒழுங்கான சமையல்கூடமும் வைத்திருக்கும் பொதுத் தற்காப்புப் படை அதைச் செய்துவிடும், துப்பாக்கி வேண்டியதில்லை.

முதல் வேலையில் சின்ன நாட்டுப் படையால் வெல்ல முடியாது என்பது உண்மை. 1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் நுழைந்தபோது பணக்காரக் குவைத்தின் படையே ஓரிரு நாளில் கலைந்தது. ஆனால் வெல்ல முடியாது என்பதாலேயே பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்து ஜாகாவை, அதாவது காவலாளியை, நினைத்துப் பாருங்கள். இருபது பேர் பாராங் கத்தியோடு வந்தால் அவரால் ஒன்றும் ஆகாது. தண்டவாளத் துண்டைத் தட்டி லயத்து வீடுகளை எழுப்புவதும், ஸ்டோர் சாவியைக் கொடுக்காமல் இழுத்தடிப்பதும், டவுன் போலீஸ் வரும்வரை தாக்குப்பிடிப்பதும்தான் அவர் வேலை.

1988 நவம்பர் 3-ஆம் தேதி மாலைத்தீவில் நடந்தது அச்சு அசலாக இதுதான். இலங்கையிலிருந்து வந்த புளொட் என்ற தமிழ் ஆயுத இயக்கத்தின் ஆட்கள் ஏறக்குறைய 80 பேர் படகில் இறங்கி, விடியுமுன்னே தலைநகர் மாலேயைப் பிடிக்கப் பார்த்தார்கள். தேசியப் பாதுகாப்புச் சேவையின் தலைமையகத்தில் இருந்தவர்கள் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு திருப்பிச் சுட்டார்கள். அதிபர் கையூம் ஒளிந்துகொண்டு வெளிநாடுகளுக்குத் தகவல் அனுப்பினார். வந்தவர்கள் செய்த பெரிய தவறு, பக்கத்துத் தீவான ஹுல்ஹுலேயில் இருந்த விமான ஓடுபாதையைப் பிடிக்காமல் விட்டது. அன்று இரவே ஆக்ராவிலிருந்து இந்திய பாராசூட் படை விமானத்தில் வந்து அதே ஓடுபாதையில் இறங்கியது. கதை முடிந்தது.

நண்பனை நம்பி வாழும் நாட்டுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டிய பட்டியல் சின்னது: ஓடுபாதை, துறைமுகம், தொலைத்தொடர்பு நிலையம், ஆட்சித் தலைவர் இருக்கும் கட்டடம். இந்த நான்கையும் இரண்டு நாள் விடாமல் பிடித்து வைக்க ஆள் வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தமும், நடு இரவில் யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணும் முன்கூட்டியே இருக்க வேண்டும். இதற்கு 150 முதல் 200 பேர் கொண்ட ஆயுதப் போலீஸ் பிரிவு போதும் என்பது என் கணிப்பு. டாங்கி கேட்பவரிடம் அதை ஏற்றிச் செல்லப் பாலம் தாங்குமா என்று கேளுங்கள்.

பட்டாலியன் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு காவல் இடத்தில் ஒரே ஓர் ஆள் இரவு பகலாக நிற்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 42 மணி நேரம் பார்த்தால் நான்கு பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஐந்து பேர். ஜோடியாக நிறுத்தினால் பத்து. இப்போது 600 பேர் கொண்ட ஒரு பட்டாலியன் என்று வையுங்கள். சமையல், டிரைவர், மெக்கானிக், கிராணி வேலை, வயர்லெஸ், மருந்தகம் என்று 200 பேர் போய்விடுவார்கள். மிச்சம் 400. அதில் ஒரு பங்கு பணியில், ஒரு பங்கு பயிற்சியில், ஒரு பங்கு ஓய்வில். எந்த நேரத்திலும் பணிச் சுற்றில் இருப்பவர் 133 பேர். தூங்காமல் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நின்றாலும், நூறு கிலோமீட்டர் எல்லை இருந்தால் முக்கால் கிலோமீட்டருக்கு ஒருவர். அவ்வளவுதான் அந்தப் 'பாதுகாப்பு'.

கணக்குக்காக ஆளுக்கு மாதம் 400 டாலர் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 28 லட்சத்து 80 ஆயிரம் டாலர். நாளுக்கு 3 டாலர் சாப்பாடு என்றால் இன்னும் 6 லட்சத்து 57 ஆயிரம். இதற்குள் ஒரு தோட்டாகூட வாங்கவில்லை, ஒரு லிட்டர் டீசல் ஊற்றவில்லை. அதன் பிறகு வருவது ஓய்வூதியம். நம் மலேசியாவில் சிப்பாய்க்கு 21 ஆண்டு சேவைக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. அந்த முறையையே அந்த நாடும் வைத்தால், 18 வயதில் சேர்ந்தவர் 39-இல் வெளியே வருவார். எழுபது வயது வரை இருந்தால் 31 ஆண்டு ஓய்வூதியம். வேலை பார்த்த காலத்தைவிட வீட்டிலிருந்து வாங்கும் காலம் நீளம். ஏழை நாட்டு நிதியமைச்சர் முதல் பத்து ஆண்டு இதைக் கவனிக்க மாட்டார். இருபத்தோராம் ஆண்டில்தான் வெடிக்கும்.

காசு இறுக்கும்போது சம்பளத்தை வெட்ட பயம். அதனால் முதலில் வெட்டுவது எரிபொருளை, அடுத்து தோட்டாவை, அடுத்து கிடங்குப் பராமரிப்பை. சுடப் பழகாத சிப்பாய், ஓடாத லாரி, பழைய வெடிமருந்து மூன்றும் மிஞ்சும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். 2021 மார்ச் 7-ஆம் தேதி ஈக்குவட்டோரியல் கினியாவின் பாட்டா நகர முகாமில் வெடிமருந்து வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பக்கத்து விவசாயிகள் வைத்த தீயும் டைனமைட்டைக் கையாண்டதில் அலட்சியமும் காரணம் என்றார் அதிபர். எதிரி என்று யாருமே வரவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் சொற்போரின் முதுகெலும்பாக இதைத்தான் வைக்கச் சொல்வேன். பெரிய நாட்டில் ஒரு பட்டாலியன் முறுக்கிக்கொண்டால் அடக்க இன்னும் முப்பது பட்டாலியன் இருக்கும். சின்ன நாட்டில் இருப்பதே ஒன்றுதான். அது முறுக்கிக்கொண்டால் யார் அடக்குவது? அது முறுக்கிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கொள்கை கிடையாது, சம்பளப் பாக்கி.

காம்பியாவைப் பாருங்கள். 1965-இல் சுதந்திரம் அடைந்தபோது பட்டாளமே கிடையாது, போலீஸின் ஓர் ஆயுதப் பிரிவு மட்டும். 1981 ஜூலையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது, செனகல் படை வந்து அடக்கியது. "இனி இப்படி நடக்கக் கூடாது" என்று 1980-களில் இராணுவம் அமைத்தார்கள். 1994 ஜூலை 22-ஆம் தேதி அதே இராணுவத்தின் லெப்டினன்டுகள் சிலர் ஆட்சியைப் பிடித்தார்கள். லைபீரியாவில் அமைதிப்படையாக இருந்துவிட்டு வந்தவர்களுக்குப் படிக்காசு சரியாக வரவில்லை என்ற குமுறல் முன்பே இருந்தது. தலைமை தாங்கிய யாஹ்யா ஜாமேவுக்கு அப்போது 29 வயது. 22 ஆண்டு உட்கார்ந்தார். 2016 தேர்தலில் தோற்ற பிறகும் எழுந்திருக்காமல், அக்கம்பக்க நாடுகளின் படை எல்லையைத் தாண்டிய பிறகுதான் போனார்.

டோகோவில் இதன் மறுபக்கம். அதிபர் சில்வானுஸ் ஒலிம்பியோ சிக்கனக்காரர், சில நூறு பேர் கொண்ட சின்னப் படையே போதும் என்றார். பிரெஞ்சு இராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் தங்களையும் சேர்க்கக் கேட்டார்கள், மறுத்தார். 1963 ஜனவரி 13-ஆம் தேதி தலைநகர் லோமேயில் அமெரிக்கத் தூதரக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சிக்கனம் சரிதான். வேலை இல்லாத சிப்பாய்க்கு வேறு வழி காட்டாமல் சிக்கனம் பிடித்ததுதான் தவறு.

ஹெய்த்தியில் அதிபர் அரிஸ்டீட் 1995-இல் இராணுவத்தைக் கலைத்தார். காரணம் நியாயமானது, அந்தப் படைதான் அவரை 1991-இல் விரட்டியது. ஆனால் கலைந்தவர்களுக்கு ஓய்வூதியமும் மாற்று வேலையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. துப்பாக்கிகளும் முழுக்கத் திரும்பவில்லை. 2004 பிப்ரவரியில் பழைய சிப்பாய்கள் வடக்கிலிருந்து கிளம்பி வந்தார்கள், 29-ஆம் தேதி அரிஸ்டீட் நாட்டை விட்டுப் போனார். பிறகு போலீஸும் மெலிந்தது, கும்பல்கள் தடித்தன. 2017-இல் இராணுவத்தைத் திரும்ப அமைக்கத் தொடங்கினார்கள்.

திமோர் லெஸ்தே நமக்குப் பக்கம். 2001-இல் உருவான படையில், மேற்கு மாவட்டத்தவருக்குப் பதவி உயர்வில் ஓரவஞ்சனை என்று சொல்லிக் கிட்டத்தட்ட 600 சிப்பாய்கள் முகாமை விட்டு வெளியேறினார்கள். 2006 மார்ச்சில் அத்தனை பேரையும் நீக்கிவிட்டார்கள். அது மொத்தப் படையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. மே மாதம் சிப்பாய்களுக்கும் போலீஸுக்குமே சண்டை. ஐ.நா. கொடியின் கீழ் ஆயுதம் இல்லாமல் நடந்து வந்த போலீஸ்காரர்கள் மீதே சுட்டார்கள். ஒன்றரை லட்சம் பேர் வீடு வாசல் விட்டு ஓடினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போர்ச்சுகல் ஆகியவற்றோடு மலேசியாவும் ஆள் அனுப்பிய பிறகே தலைநகர் டிலி அடங்கியது.

தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். பால்மரத்தை வெட்டி நிலத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் இதை அனுபவித்த குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே நிறைய. சிப்பாய்க்கும் அதே நிலைதான்: வேலையோடு முகாம் வீடு, பிள்ளையின் பள்ளி, ரேஷன் எல்லாம் ஒரே நாளில் போகிறது. ஒரே வித்தியாசம், அவருக்குத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அதனால்தான் இந்தப் பதிலின் தலைப்பில் செக்ரோல், அதாவது தோட்டத்து ஆள்கணக்கு, சம்பளப் பதிவேடு என்றேன். காலைப் பெரட்டில் (ஆள் எண்ணும் வரிசையில்) நிற்காத ஆளுக்குச் செக்ரோலில் பேர் போட்டு, அந்தச் சம்பளத்தை யாரோ வாங்குவது தோட்டத்துக்குப் புதிதல்ல. ஏழை நாட்டுப் பட்டாளத்திலும் அதுவே நடக்கிறது: தளபதி கையில் மொத்தப் பணத்தைக் கொடுப்பார்கள், அவர் பிரித்துக் கொடுப்பார். செத்தவன், ஓடியவன், பிறக்காதவன் எல்லாம் பட்டியலில் இருப்பார்கள். கொங்கோ சின்ன நாடல்ல, ஆனால் 2000-களின் நடுவில் ஐரோப்பிய ஒன்றியக் குழு அங்கே செய்த காரியம் எல்லாருக்கும் பொருந்தும். கட்டளையிடும் கையையும் சம்பளம் கொடுக்கும் கையையும் பிரித்தார்கள். ஒவ்வொரு சிப்பாயையும் நேரில் நிறுத்தி எண்ணி, விரல்ரேகை எடுத்து, அட்டை கொடுத்தார்கள். பட்டாளம் வைத்தாலும் கலைத்தாலும் முதல் வேலை இந்த எண்ணிக்கைதான். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனை பேரைக் குறைப்பது?

கடல் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: தீவு நாட்டுக்குக் காலாட்படை தண்டச் செலவு, ரோந்துப் படகு வருமானம். கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர் வரை மீன் அந்த நாட்டுக்குச் சொந்தம். நவ்ரு ஒப்பந்தம் என்ற மீன்பிடி உடன்பாட்டில் சேர்ந்த பசிபிக் நாடுகள், வெளிநாட்டுச் சூரை மீன் கப்பல் ஒரு நாள் வலை போட்டால் குறைந்தது 8,000 டாலர் என்று விலை வைத்திருக்கின்றன. ஏறக்குறைய 11,000 பேர் மட்டுமே வாழும் துவாலுவுக்கு அது பெரிய வரவு. பணம் கட்டாமல் நுழையும் கப்பலைப் பிடிக்க, ஆஸ்திரேலியா பசிபிக் நாடுகளுக்கு 39.5 மீட்டர் ரோந்துப் படகுகளைச் சும்மாவே கொடுக்கிறது. சறுக்கும் இடமும் உண்டு. படகு இலவசம், டீசல் இலவசமில்லை. முந்தைய தலைமுறைப் படகுகள் சில நாடுகளில் எண்ணெய்க்குக் காசில்லாமல் ஜெட்டியிலேயே கட்டிக் கிடந்தன. படகு வாங்கும் முன் ஆண்டுக்கு எத்தனை நாள் கடலில் ஓட வேண்டும் என்று முடிவு செய்து, அந்த எண்ணெய்ப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

மொரிஷியஸும் இந்த வழிதான். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் அந்த நாட்டுக்கு 1968-இல் சுதந்திரம் கிடைத்ததிலிருந்து இராணுவம் கிடையாது. போலீஸின் கீழேயே ஒரு சிறப்பு நடமாடும் படையும் கடலோரக் காவல் படையும் இருக்கின்றன. 2015-இல் சேர்ந்த பாராகுடா கப்பல் கல்கத்தாவில் கட்டியது. இரவல் பாதுகாப்புக்கு வாடகை உண்டு என்பதையும் இதே நாட்டில் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் அகலேகா தீவில் இந்தியா கட்டிக் கொடுத்த விமான ஓடுபாதை திறந்தது. யாருக்காக அவ்வளவு நீளம் என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை. துவாலு 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தப்படி, வேறு நாட்டோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவின் ஒப்புதல் வேண்டும். காசாகக் கொடுக்காததை உரிமையாகக் கொடுக்கிறார்கள். சில நாட்டுக்கு அது கட்டுப்படியாகும், சில நாட்டுக்கு ஆகாது. இதில் எல்லாருக்கும் பொதுவான விடை என்று ஒன்றை நான் சொல்ல மாட்டேன்.

எதிரணி உங்கள் ஊரையே எடுத்து அடிக்கும், அதற்குத் தயாராகுங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுடப்பட்டதிலிருந்துதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கிய மலாயா அவசரகாலம் தொடங்கியது. 'பட்டாளம் இல்லாமல் அதை அடக்கியிருக்க முடியுமா?' என்பார்கள். முடியாதுதான். ஆனால் மலாய்ப் படைப்பிரிவோடு காட்டில் அலைந்த பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலிய, ஃபீஜி பட்டாலியன்கள் வெளியிலிருந்து வந்தவை. தோட்ட வாசலில் நின்றவர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள், அவர் போலீஸ். சுதந்திரத்துக்குப் பிறகும் பிரிட்டனோடு போட்ட 1957 தற்காப்பு ஒப்பந்தம்தான் இந்தோனேசிய மோதல் காலத்தில் நம்மைத் தாங்கியது. நாமே இரவல் படையோடு தொடங்கிய நாடு.

அந்த ஃபீஜி பட்டாலியனை மறக்காதீர்கள். எதிரியே இல்லாத தீவின் படை, மலாயாவிலும் பிறகு 1978 முதல் லெபனானில் ஐ.நா. அமைதிப்படையிலும் பழகிப் பெருத்தது. 1987-இல் அதன் லெப்டினன்ட் கர்னல் ரபுக்கா நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, நம்மைப் போலக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பிள்ளைகள் ஆதரித்த அரசாங்கத்தைக் கவிழ்த்தார். ஐ.நா. ஒரு சிப்பாய்க்கு மாதம் ஏறக்குறைய 1,400 டாலர் கொடுக்கிறது, அதனால் பட்டாளம் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 2013 பிப்ரவரியில் சபாவின் லஹாட் டத்து பக்கம் தண்டுவோ கிராமத்தில் பிலிப்பீன்ஸின் சூலுவிலிருந்து ஏறக்குறைய 200 பேர் ஆயுதத்தோடு இறங்கினார்கள். முதலில் சுற்றி வளைத்தது போலீஸ், நம் தரப்பில் உயிரிழப்பும் போலீஸுக்குத்தான் அதிகம். மார்ச்சில் இராணுவமும் போர் விமானமும் வந்தே முடித்தன. பட்டாளம் இல்லாத நாட்டில் அந்த இரண்டாவது கட்டத்துக்கு வெளியாள் வர வேண்டும், வர நாளாகும்.

"அப்படியானால் சின்ன நிரந்தரப் படையும் பெரிய தொண்டர் படையும் வைப்போம்" என்று யாராவது நடுவழி சொன்னால், ஆயுதம் எங்கே தூங்கும் என்று கேளுங்கள். 2000 ஜூலையில் அல்-மவுனா என்ற ஆயுதக் கும்பல் நம் பேராக்கிலேயே, கெரிக் பகுதி வத்தானியா (தொண்டர் படை) முகாம்களுக்கு இராணுவ உடையில், சோதனைக்கு வந்த அதிகாரிகள் போல வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களை வாரிக்கொண்டு சவுக் காட்டுக்குப் போனது. தொண்டர் படை வைப்பதானால் துப்பாக்கி ஒரு கட்டடத்தில், அதன் சுடும் பாகமான போல்ட் வேறு கட்டடத்தில், சாவி இரண்டு பேரிடம். சீருடைக்குச் சல்யூட் அடிக்கும் முன் மேலிடத்துக்கு போன் போட்டு உறுதி செய்கிற பழக்கமும் வேண்டும்.

ஏற்கெனவே பட்டாளம் வைத்திருக்கும் ஏழை நாடு கலைக்க விரும்பினால் வரிசை முக்கியம். முதலில் ஆளையும் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் எண்ண வேண்டும். அடுத்து போலீஸ் சம்பளத்தை ஒழுங்குபடுத்தி, மூன்று மாதமாவது தவறாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உதவிக்கு வரும் நாட்டோடு ஒப்பந்தம், ஒரு முறையாவது ஓடுபாதையில் இறங்கிக் காட்டும் கூட்டுப் பயிற்சி. அதன் பின்னரே ஆட்குறைப்பு. ஆயுதத்தை ஒப்படைக்கும் அதே மேசையில் ஓய்வூதியப் புத்தகமும் வீட்டுச் சாவியும் கைமாற வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் கடைசியில். ஹெய்த்தி அந்த மேசையைப் போடாமலே ஆளை அனுப்பியது. பனாமா 1990-இல் பழைய சிப்பாய்களையே பெரும்பாலும் போலீஸாக மாற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் முன்னாள் போலீஸ் தலைவர் ஒருவர் கலகம் செய்ய, அமெரிக்கப் படை வந்து அடக்கியது. நான்கு ஆண்டு கழித்து, 1994-இல்தான் இராணுவத் தடை அந்த நாட்டு அரசியலமைப்பில் ஏறியது.